உரோமரின் வெள்ளிக்காசும் பேரரசுச் சின்னங்களும்

நாணயம் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் படுவது. கடைத்தெருவிற் கொடுத்து வாங்குங் காசுக்கும் அதுவே பெயர். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் அதுவே பெயர். இப்பொருத்தம் தற்செயலானதன்று என்றே நாம் கருதுகின்றோம். காசென்பது ஓர் உலோகத்துண்டு மட்டுமன்று. அஃது ஓர் உறுதிமொழியுமாகும். அரசொன்று தன் தலைவனின் உருவத்தையோ தன் தெய்வத்தின் உருவத்தையோ அதிற் பொறித்து, இதன் நிறைக்கும் மாற்றுக்கும் யாம் பிணை என்று கூறி ஊரார் கையிற் கொடுக்கின்றது. ஆதலின் ஒரு காசினை ஆராயப் புகுவோர் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். அஃது என்ன சொல்லுகின்றது என்பது ஒன்று. அஃது எதனாற் செய்யப்பட்டது என்பது மற்றொன்று. உரோமப் பேரரசின் வெள்ளிக்காசைப் போல இவ்விரு கேள்விகளுக்கும் வெவ்வேறு விடையளிக்கும் பொருள் வரலாற்றில் மிகச் சிலவே.

உரோம வரலாற்றை நம் மாணவர் பெரும்பாலும் நூல்கள் வாயிலாகவே கற்கின்றனர். தசித்தஸ், சுவெற்றோனியஸ், காசியஸ் தியோ ஆகியோர் எழுதியவை சிறந்த நூல்களே எனினும், அவை செனற் சபையினரும் அவரை ஒத்த உயர்குடியினரும் எழுதி அத்தகையோரே படித்தவை. காசோ படைவீரன் பையிலும் மீன்விற்பவள் மடியிலும் கிடந்தது. எழுத்தறியாதவனும் அதிலுள்ள உருவத்தைக் கண்டான். அச்சுப்பொறியும் நாளிதழும் இல்லாத காலத்தில் ஆட்சியாளன் தன்னைப்பற்றித் தான் சொல்லவிரும்பியதைப் பேரரசின் எல்லைவரை கொண்டுசேர்த்த சாதனம் இதுவே. அவ்வுருவங்களைத் தெரிந்தெடுத்தவன் பேரரசனா, அவனை மகிழ்விக்க விரும்பிய அதிகாரியா என்பதில் அறிஞரிடையே வழக்குண்டு. எவ்வாறாயினும், பேரரசனுக்கு ஒவ்வாத உருவம் அக்கசாலையை விட்டு வெளிவந்திராது என்பது ஒருதலை.

இக்காசின் பெயர் தெனாரியஸ். ஹனிபால் இத்தாலிக்குள் நின்று உரோமரைக் கலங்கச் செய்த போர்க்காலத்தில், ஏறக்குறைய கி.மு. 211ஆம் ஆண்டளவில், இது முதன்முதல் வெளியிடப்பட்டது. பத்து ‘அஸ்’ என்னும் வெண்கலக் காசுக்கு ஈடாதலின் ‘பத்துடையது’ என்னும் பொருளில் இப்பெயர் பெற்றது. பின்னர் மதிப்பு பதினாறு அஸ் என மாற்றப்பட்டபோதும் பெயர் மாறவில்லை. அப்பெயரின் ஆயுள் வியத்தற்குரியது. அரபு நாடுகளின் தினாரும், குப்தர் காலச் சாசனங்களில் வரும் தீனாரம் என்னும் வடசொல்லும் அதன் வழிவந்தவை. பிரித்தானியர் பென்னி என்னுங் காசைக் குறிக்க ‘டி’ என்னும் எழுத்தை 1971ஆம் ஆண்டுவரை எழுதிவந்ததும் தெனாரியஸின் முதலெழுத்தைக் கொண்டே. ‘மணி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குங்கூட உரோமாபுரியின் கப்பிற்றோல் குன்றில் யூனோ மொனேற்றா என்னுந் தேவியின் கோயிலையடுத்து அக்கசாலை இருந்தமையே காரணம்.

குடியரசுக் காலத்துத் தெனாரியஸ் காசின் தலைப்பக்கத்தில் தலைச்சீரா அணிந்த உரோமாதேவி காணப்படுவாள். பூப்பக்கத்தில் குதிரைமீதேறி விரையும் இரட்டையரான காஸ்தர், பொல்லக்ஸ் என்போர் காணப்படுவர். நம் அசுவினி தேவரோடு ஒப்பிடத்தக்க இவ்விரட்டையர், பண்டைப் போரொன்றில் உரோமர் பக்கம் நின்று பொருதனர் என்பது அவர்தம் ஐதிகம். காசுகளைப் பொறிப்பிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் நியமிக்கப்படும் இளைஞர் மூவரிடம் இருந்தது. காலஞ்செல்ல இவ்விளைஞர் தத்தம் குலமுன்னோரின் பெருமைகளைக் காசிற் பொறிக்கத் தலைப்பட்டனர். முன்னோரைப் பொறிப்பது வழக்காயிற்று. ஆயின் உயிரோடிருப்பவனின் முகத்தை உரோம நகரத்து அக்கசாலையில் எவரும் பொறிக்கத் துணிந்திலர். முகம் பொறித்தல் மன்னர்க்குரிய செயல். மன்னராட்சியோ உரோமர் வெறுத்தொதுக்கியது.

காசு செய்யும் முறையையும் ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். பட்டடையில் ஓர் அச்சுப் பதிக்கப்பட்டிருக்கும். நிறைபார்த்த வெள்ளித்தட்டை அதன்மேல் வைத்து, மற்றைய அச்சுச் செதுக்கிய இருப்புக்கோலை மேலே நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பர். ஒவ்வொரு காசும் தனித்தனியே கையால் அடிக்கப்பட்டமையின் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. உருவம் ஒருபுறம் ஒதுங்கியும் எழுத்துப் பாதி விளிம்பிற்கு வெளியே போயும் இருத்தல் இயல்பு. வெள்ளி பெரும்பாலும் இசுப்பானியச் சுரங்கங்களிலிருந்து வந்தது. புதிய கார்தேச்சு நகரத்தையடுத்த சுரங்கங்களில் 40,000 தொழிலாளர் உழைத்தனர் எனப் பொலிபியஸ் குறித்துள்ளார். வெள்ளியை ஈயக்கனியத்திலிருந்து பிரிக்க எழுப்பிய புகை கிரீன்லாந்தின் பனிப்படிவங்களிற் படிந்து இன்றும் அளந்தறியத்தக்கதாய் இருக்கின்றது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, கி.பி. 165ஆம் ஆண்டிற் பரவிய பெருங்கொள்ளைநோயை அடுத்து அப்படிவிலுள்ள ஈயத்தின் அளவு வீழ்ந்ததைக் காட்டியது. வடதுருவத்தின் பனிக்கட்டி உரோமாபுரியின் கணக்கேடாய் நிற்கும் விந்தையை என்னென்பது!

கி.மு. 44ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பழைய தடை உடைந்தது. அவ்வாண்டு வெளிவந்த தெனாரியஸ் காசுகளில் யூலியஸ் சீசரின் முகம் இடம்பெற்றது. வாகைமாலை சூடிய தலை, ஒட்டிய கன்னம், சுருக்கம் விழுந்த நீண்ட கழுத்து. ‘நிரந்தர சர்வாதிகாரி சீசர்’ என்பது ஒருவகைக் காசின் வாசகம். பூப்பக்கத்தில் வீனஸ் தேவி நின்றாள். சீசரின் குலம் தன்னை அத்தேவியின் வழித்தோன்றலாகக் கூறிக்கொண்டது. சில வாரங்களுள், மார்ச்சு மாதம் 15ஆம் நாள், சீசர் செனற் சபையினரின் கத்திகளுக்கு இரையானார். முகம் பொறித்தமை ஒன்றே கொலைக்குக் காரணமன்று. ஆயினும் ஊரார் ஒவ்வொருவரின் கைக்கும் வந்துசேர்ந்த அம்முகமும் ‘நிரந்தரம்’ என்னும் அச்சொல்லும், ஐயுற்றிருந்தோர் பலரின் ஐயத்தைத் தீர்த்து வைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

கொன்றவருட் தலையாய புறூட்டஸின் காசுகளை அடுத்து நோக்குவோம். பத்தாண்டுகளுக்கு முன்னர், கி.மு. 54ஆம் ஆண்டளவில், அவர் அக்கசாலைப் பொறுப்பேற்றிருந்தபோது வெளியிட்ட காசொன்றில் சுதந்திர தேவியின் தலை இருந்தது; மறுபுறத்தில் மன்னராட்சியை ஒழித்த தம் முன்னோன் புறூட்டஸ் காவலர் சூழ நடந்துசெல்லுங் காட்சி இருந்தது. கொலைக்குப்பின் படைதிரட்டிய காலத்தில், கி.மு. 42ஆம் ஆண்டளவில், அவர் வெளியிட்ட காசே உலகப்புகழ் பெற்றது. இரு குத்துவாள்கள், அவற்றின் நடுவே அடிமைத்தளை நீங்கியோர் அணியுந் தொப்பி, கீழே ‘மார்ச்சு நடுநாள்’ என்னும் வாசகம். கொலையை இத்துணை வெளிப்படையாகப் பாராட்டிய அரசியற் காசு வேறொன்றில்லை. ஆயின் அதனைத் திருப்பிப் பாருங்கள். மறுபுறத்தில் இருப்பது சுதந்திர தேவியன்று, புறூட்டஸின் முகம்! முகம் பொறித்த மன்னனைக் கொன்றவரே ஈராண்டுகளுள் தம் முகத்தைப் பொறித்துவிட்டார். குடியரசு மாண்டதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இக்காசின் பொற்படிகள் மிகமிக அரியன. அவற்றுளொன்று 2020இல் இலண்டனில் ஏலம் போய், களவாகத் தோண்டியெடுக்கப்பட்டதெனத் தெரிந்தமையால் 2023இல் கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

மார்க் அந்தோனி கி.மு. 32, 31ஆம் ஆண்டுகளில் தம் படையணிகளுக்கு ஊதியமாக அடிப்பித்த காசுகள் வேறொரு பாடம் புகட்டுவன. ஒருபுறம் போர்க்கப்பல், மறுபுறம் இரு கொடிக்கம்பங்களின் நடுவே படையணியின் கழுகு, அதனடியில் அவ்வணியின் எண். வெள்ளியின் மாற்றுக் குறைவு. அக்தியம் கடற்போரில் அந்தோனி தோற்றார், மாண்டார். அவர் காசுகளோ இருநூறு ஆண்டுகள் கடந்தும் வழங்கின. நல்ல வெள்ளியைப் பதுக்கி வைத்துத் தாழ்ந்த வெள்ளியைச் செலவிடுவது மக்களியல்பு. ஆதலின் நல்ல காசுகள் உருக்குலைக்குப் போகத் தாழ்ந்தவை கைமாறிக்கொண்டேயிருந்து, கப்பலும் கழுகும் தேய்ந்து நிழலாயின.

வென்றவர் ஒக்தாவியன். கி.மு. 27ஆம் ஆண்டில் அகஸ்தஸ் என்னும் பட்டம் பெற்று முதற் பேரரசராயினார். சின்னங்களின் ஆற்றலை அவரினும் நன்கறிந்த ஆட்சியாளர் உரோமில் இலர் என்பது எம் துணிபு. சீசர் செய்த பிழையை அவர் செய்யவில்லை. ‘நிரந்தரம்’ என்னுஞ் சொல்லை அவர் காசிற் காணோம். குடிகளைக் காத்தமைக்காகச் சூட்டிய கருவாலியிலை மாலை, செனற் சபை வழங்கிய கேடயம், வாயிலின் இருமருங்கும் நட்ட வாகை மரங்கள் எனப் பிறர் தமக்கு அளித்தவற்றையே பொறித்தார். எகிப்தைக் கைப்பற்றியதைக் கூற ஒரு முதலையின் உருவமும் ‘எகிப்து கொள்ளப்பட்டது’ என்னும் வாசகமும் போதியவாயின. கி.மு. 44இல் தோன்றிய வால்வெள்ளியைச் சீசரின் ஆன்மாவென மக்கள் நம்பினர். அதனை எட்டுக்கதிருடைய விண்மீனாகப் பொறித்துத் ‘தெய்வமாகிய யூலியஸ்’ என்றெழுதினார். வளர்ப்புத் தந்தை தெய்வமாயின் மைந்தன் யார் என்பதைக் கூறவேண்டுவதில்லை, எனினும் கூறினார். ‘தெய்வத்தின் மைந்தன்’ என்னுந் தொடர் அவர் பெயரோடு என்றும் ஒட்டிநின்றது.

மகரராசியின் உருவம் தாங்கிய வெள்ளிக்காசும் அவர் வெளியிட்டார். ஒரு சோதிடர் அவர் சாதகத்தைக் கண்டு அடிபணிந்தனர் என்றும், அதனால் அகஸ்தஸ் தம் இராசியைக் காசிற் பொறிப்பித்தனர் என்றும் சுவெற்றோனியஸ் எழுதியுள்ளார். மேனாட்டறிஞருக்கு இதிலொரு சிக்கல்: அவர் பிறந்தது செப்தெம்பர் 23ஆம் நாள், அன்று சூரியன் நின்றது துலாராசியில். பிறந்தபோது சந்திரன் மகரத்தில் நின்றமையே காரணம் என்பது அவர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. சந்திரன் நின்ற இராசியையே பிறந்த இராசியாகக் கொள்ளும் நம்மவர்க்கு இவ்விளக்கம் புதுமையாகத் தோன்றாது.

அகஸ்தஸின் காசுகளிற் பொய்யில்லையோ எனின், உண்டு. கி.மு. 53ஆம் ஆண்டிற் கிராசஸ் பார்த்தியரிடம் தோற்றுப் பறிகொடுத்த படைக்கொடிகளைக் கி.மு. 20ஆம் ஆண்டில் அகஸ்தஸ் மீட்டார். அது போரினாலன்று, தூதினால். மிக நல்ல செயலே. ஆயினும் காசிற் காண்பது யாது? பார்த்தியன் ஒருவன் முழந்தாளிட்டுக் கொடியை நீட்டிக்கொண்டிருக்கின்றான். பேச்சினால் வந்த சமாதானத்தை வாளினால் வந்த வெற்றியாக மாற்றச் சிற்றுளியொன்று போதியதாயிற்று. மற்றுமொன்று: எழுபத்தைந்து வயதுவரை வாழ்ந்த அம்மனிதர் காசுகளில் ஒருபோதும் மூப்படைந்திலர். சீசரின் சுருங்கிய கழுத்தை நினைவிற் கொள்வோர்க்கு இவ்வேறுபாடு நன்கு புலனாகும்.

அவருடைய காசுகளுள் நமக்கு மிக நெருங்கியது, பேரர்களான காயஸ், லூசியஸ் இருவரும் நிற்கும் காசு. கி.மு. 2ஆம் ஆண்டு முதலாக லுக்தூனம் நகரத்தில், இன்றைய பிரான்சு நாட்டின் லியோனில், இது பெருந்தொகையாக அடிக்கப்பட்டது. தோகா அணிந்த இளைஞர் இருவர். நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். மேலே குருமாரின் பூசைக் கருவிகள். அரசுரிமை இவர்க்கே என்பது அதன் பொருள். லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்தனர். காசு மட்டும் மரக்கலமேறி அரபிக்கடலைக் கடந்தது. கோயம்புத்தூரையடுத்த வெள்ளலூர் முதலாகத் தமிழ்நாட்டின் பல இடங்களிற் கிடைத்த வெள்ளிப் புதையல்களில் இக்காசும், அடுத்த பேரரசர் தைபீரியஸ் வெளியிட்ட காசுமே மிகுதியாகக் காணப்படுவன. தைபீரியஸின் காசில், செங்கோலும் மரக்கிளையும் ஏந்திய பெண்ணொருத்தி அமர்ந்திருப்பாள். விவிலியத்தில் இயேசுபிரான் வரிப்பணத்தைப்பற்றிக் கேட்டோரிடம் காட்டச்சொன்ன காசு இதுவே என்பது பலர் கொள்கை.

யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு மீளும் முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாட்டுக் கூறும். அதே துறைமுகத்திற்குப் பெருந்தொகையான காசு கொண்டுசெல்லப்படுவதாகப் ‘பெரிப்புளூஸ்’ என்னுங் கிரேக்க நூலுங் கூறும். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்சியஸ் இந்தியாவுக்குச் செல்வதாக மூத்த பிளினி மனம் வருந்தினார். நான்கு செஸ்தர்சியஸ் ஒரு தெனாரியஸ். அகஸ்தஸ் காலத்துப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ் என்பதை நினைவிற் கொண்டு அத்தொகையின் பெருமையை மாணவர் தாமே கணித்தறிக.

அதே பிளினி நம் ஈழத்தைப்பற்றிக் கூறும் செய்தியொன்றுண்டு. செங்கடற் பகுதியின் வரியைக் குத்தகைக்கெடுத்த அன்னியஸ் புளொக்காமஸ் என்பாரின் பணியாளன் ஒருவன் அரபுக்கரையோரம் மரக்கலத்திற் செல்கையில், வாடைக்காற்றால் அலைப்புண்டு பதினைந்தாம் நாள் தப்பிரபேன் என்னும் இத்தீவை அடைந்தான். மன்னன் ஆறு மாதம் அவனை ஓம்பி, உரோமரைப்பற்றி வினவினான். அவனிடமிருந்த தெனாரியஸ் காசுகளை மன்னன் நோக்கினான். அவற்றிலிருந்த முகங்கள் வேறுவேறு. வெவ்வேறு ஆட்சியாளர் வெளியிட்டவை என்பது தெளிவு. நிறையோ அனைத்திற்கும் ஒன்றே. அதனைக் கண்டு உரோமரின் நேர்மையை மெச்சிய மன்னன், கிளாடியஸ் பேரரசரின் காலத்தில் (கி.பி. 41–54) தூதர் நால்வரை அனுப்பினான் என்பது பிளினியின் கூற்று.

இதிற் கதையெவ்வளவு, உண்மையெவ்வளவு என்று வழக்கிடலாம். எகிப்தின் கிழக்குப் பாலையில், வணிகப் பாதையோரக் குகையொன்றில், அன்னியஸ் புளொக்காமஸின் அடிமையான லீசாஸ் என்பவன் கி.பி. 6ஆம் ஆண்டிற் பொறித்த கல்லெழுத்துக் கிடைத்துள்ளமையால் அக்குடும்பம் கற்பனையன்று என்பது மட்டும் உறுதி. எமக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறு. உரோம அக்கசாலையின் கைவினைஞர் எத்துணையோ நுணுக்கமாகச் செதுக்கிய மாலையையும் விண்மீனையும் கழுகையும் இத்தீவின் மன்னன் பொருட்படுத்தினானில்லை, தராசையே பொருட்படுத்தினான். பேரரசின் சின்னங்கள் அனைத்திலும் அவனைக் கவர்ந்தது, சின்னமல்லாத நிறையே. தமிழகத்து வணிகரும் அவ்வாறே நடந்துகொண்டனர் போலும். 1898ஆம் ஆண்டிற் புதுக்கோட்டைப் பகுதியிற் கிடைத்த உரோமப் பொற்காசுகள் மிகப்பலவற்றில் பேரரசரின் முகத்திற்குக் குறுக்கே உளியால் வெட்டிய வடுவுண்டு. இது செல்லாக் காசென்று காட்டவா, உள்ளே பொன்தானா என்று பார்க்கவா என்பதில் அறிஞர் வேறுபடுவர். எதற்காயினும், வெட்டியவனுக்கு அம்முகத்தின்பால் அச்சமில்லை.

அம்மன்னன் மெச்சிய நேர்மை நெடுங்காலம் நிற்கவில்லை. கி.பி. 64ஆம் ஆண்டில், உரோமாபுரி தீப்பற்றி எரிந்த அதேயாண்டில், நீரோ வெள்ளிக்காசின் நிறையைக் குறைத்தார். முன்னர் ஓர் உரோம இறாத்தல் வெள்ளியில் 84 காசு அடிப்பது விதி; இப்போது 96. மாற்றும் குறைந்தது. அகஸ்தஸின் காசு ஏறத்தாழக் கலப்பற்ற வெள்ளி. நீரோவின் காசில் நூற்றுக்கு எண்பது பங்கே வெள்ளியென அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. முன்னைய ஆய்வாளர் தொண்ணூறுக்கு மேலெனக் கருதியதற்குக் காரணமுண்டு. காசை அடிப்பதற்குமுன் தட்டைக் காய்ச்சிப் புளித்த நீரில் அமிழ்த்தி மேற்பரப்பிலுள்ள செம்பைக் கரைத்துவிடுவர். எஞ்சிய மேற்றோல் கிட்டத்தட்டத் தூய வெள்ளியாய் ஒளிரும். மேற்புறத்தை மட்டும் சோதித்தவர்க்கு அக்காசு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் பொய்சொல்லிற்று. நடுவே துளையிட்டுப் பார்த்தபின்னரே உண்மை வெளிப்பட்டது. தமிழகத்து வணிகர் துளையிட்டனரோ என்னவோ நாமறியோம். ஆயின் தென்னாட்டு வெள்ளிப் புதையல்களில் நீரோவின் இம்மாற்றத்திற்கு முற்பட்ட காசுகளே பெரும்பான்மை.

நீரோ இறந்தபின் கி.பி. 69ஆம் ஆண்டில் ஓராண்டுக்குள் நால்வர் அரியணை ஏறினர். அவருள் ஒத்தோ என்பவர் ஆண்டது மூன்று மாதம். உள்நாட்டுப் போரின் நடுவே முடிசூடிப் போரிலே தோற்றுத் தற்கொலை செய்துகொண்ட அவர் வெளியிட்ட வெள்ளிக்காசின் வாசகம் ‘உலகமெங்கும் அமைதி’ என்பது. அவரை வென்ற விற்றெல்லியஸ், இரு கைகள் பற்றிநிற்கும் உருவத்தோடு ‘படைகளின் விசுவாசம்’ என்று பொறித்தார். அப்படைகள் ஆண்டு முடியுமுன் அவரைக் கைவிட்டன. காசாராய்ச்சியில் இதனை ஒரு விதியாகவே கொள்ளலாம்: எப்பண்பு நாட்டில் அருகுகின்றதோ அப்பண்பே காசில் மிகும். சமாதானம், ஒற்றுமை, விசுவாசம் ஆகிய தேவியரை அடுத்தடுத்துக் காணின் அக்காலத்து வரலாற்றைச் சற்று அஞ்சியே திறத்தல் நன்று.

வெற்றிக்காசுகளைப்பற்றி விரிக்கவேண்டுவதில்லை, அவை ஒன்றைப்போல் ஒன்றிருக்கும். வெஸ்பாசியன் காலத்தில் வெற்றிக்கம்பத்தினடியே அமர்ந்து அழும் யூதப்பெண். திராஜன் காலத்தில் தலைகவிழ்ந்த தாசியன். தோற்றவனை என்றென்றைக்கும் தரையில் அமர்த்திவைக்கும் அக்காட்சியைப் படைவீரன் தன் கூலியாகப் பெற்றான். இவற்றினிடையே ஹட்ரியன் (கி.பி. 117–138) தம் ஆட்சியின் பிற்பகுதியில் வெளியிட்ட மாகாணக் காசுகள் கண்ணுக்கு ஆறுதலளிப்பன. பேரரசின் மாகாணங்களைச் சுற்றிப்பார்த்த அவர், அவற்றை அடிமைகளாகவன்றி மகளிராகவே உருவகித்தார். யானைத்தோலை முடியாக அணிந்த ஆபிரிக்கா, ஒலிவக்கிளை ஏந்திய இசுப்பானியா, அவள் அருகே ஒரு முயல், கிலுகிலுப்பை ஏந்திய எகிப்து, அவள் முன்னே ஓர் அரிவாண்மூக்கன். முழந்தாளிட்ட மாகாணத்தைப் பேரரசர் கைகொடுத்து எழுப்புங் காட்சியும் உண்டு. பேரரசென்பது கொள்ளையன்று, குடும்பமென்று சொல்லவந்த முதற் காசுகள் இவை எனலாம்.

அக்குடும்பத்திற் சேர மறுத்தோரும் உளர். கி.பி. 132இல் யூதேயாவிற் பார் கொக்பாவின் தலைமையிற் கிளர்ந்தெழுந்தோர் மூன்றாண்டு பொருதனர். அவர்களிடம் வெள்ளிச் சுரங்கமில்லை. கையிலிருந்தது உரோமக் காசே. அதனை எடுத்துப் பேரரசரின் தலைமீதே புது அச்சை வைத்து அடித்தனர். திராட்சைக் குலையும் யாழும் பேரீச்சங்குருத்தும் எபிரேய எழுத்தும் மேலெழுந்தன. அடி சரியாக விழாத சில காசுகளில், திராட்சைக் குலையின் ஓரத்தில் பேரரசரின் மூக்கோ இலத்தீன் எழுத்தொன்றோ இன்றும் எட்டிப்பார்க்கின்றது. கிளர்ச்சியை ஹட்ரியனின் படைகள் பெருங்கொடுமையோடு அடக்கின. கைகொடுத்து எழுப்பும் காசை வெளியிட்டவரும் அவரே என்பதை மறத்தலாகாது.

செப்திமியஸ் செவரஸ் (கி.பி. 193–211) படைவீரரின் ஊதியத்தை உயர்த்தினார், அதற்கு வேண்டிய வெள்ளி இல்லாமையால் மாற்றை நூற்றுக்கு ஐம்பதளவிற் குறைத்தார். அவர் காசுகளில் மைந்தர் கரகல்லா, கேற்றா இருவரின் முகங்களும் எதிரெதிரே நோக்க, ‘பேரரசின் அழியாமை’ என்னும் வாசகம் வரும். சகோதரர் கைகோத்து நிற்குங் காசில் ‘ஒற்றுமை’ என்றிருக்கும். தந்தை இறந்த ஆண்டு முடியுமுன் கேற்றா, தாயின் மடியிலே தமையனின் ஏவலாற் கொலையுண்டார். தம்பியின் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கியெறிந்த கரகல்லா அவன் முகம் பொறித்த காசுகளையும் உருக்குவித்தார் எனத் தியோ கூறுகின்றார். கல்லிற் பெயரை அழித்தல் எளிது. பல்லாயிரம் மடிகளிற் பதுங்கிய காசை அழித்தல் எப்பேரரசர்க்கும் இயல்வதன்று. கேற்றாவின் காசுகள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன.

அதே கரகல்லா கி.பி. 215இல் ஒரு புதுக்காசை வெளியிட்டார். மதிப்பு இரண்டு தெனாரியஸ் என்பர். உள்ளிருந்த வெள்ளியோ ஒன்றரைக்கே போதியது. இரட்டை மதிப்பை அறிவிக்கப் பேரரசரின் தலையில் வாகைமாலைக்குப் பதிலாகச் சூரியனின் கதிர்முடி அணிவிக்கப்பட்டது. அரசியின் மார்புருவம் பிறைமதியின்மேல் வைக்கப்பட்டது. வெள்ளி குறையக் குறைய விண்ணொளி கூடிற்று. பழைய தெனாரியஸ் ஏறத்தாழக் கி.பி. 240க்குப் பின் ஒழுங்காக அடிக்கப்படவில்லை. 248இல் பிலிப்பு என்னும் பேரரசர் உரோமாபுரியின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடிச் சிங்கம், நீர்யானை, கலைமான், இரட்டையர்க்குப் பாலூட்டும் ஓநாய் முதலிய உருவங்களோடு அழகிய காசுகளை வெளியிட்டார். மறு ஆண்டு கொலையுண்டார். 260இல் வலேரியன் பாரசீக மன்னன் சாப்பூரிடம் சிறைப்பட்டார். அவர் மைந்தர் கல்லியேனஸின் இறுதிக் காலத்தில் காசிலிருந்த வெள்ளி நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கேயாயிற்று. செம்புத்தட்டின்மேல் பூசிய மெல்லிய வெண்மை, சில கை மாறுமுன் தேய்ந்துபோகும். கதிர்முடி மட்டும் தேயாது நின்றது.

தயோக்கிளீசியன் ஏறத்தாழ 294இல் நீரோ காலத்து நிறையையே மீண்டும் கைக்கொண்டு, இறாத்தலுக்கு 96 என்ற அளவில் நல்ல வெள்ளிக்காசு அடிப்பித்தார். சிலவற்றில் 96 என்னும் எண்ணையே பொறித்தார். நிறையே இங்குச் சின்னமாயிற்று! பூப்பக்கத்தில் கோட்டைவாயிலின் முன் ஆட்சியாளர் நால்வர் வேள்வி செய்கின்றனர். தலைப்பக்கத்திலுள்ள முகம் நால்வருள் எவருடையதென்று பெயரைப் படித்தாலன்றிக் கூறவியலாது. குறுந்தாடி, தடித்த கழுத்து, வெறித்த பார்வை அனைவருக்கும் ஒன்றே. சீசரின் சுருங்கிய கழுத்திலே தொடங்கிய தனிமனித முகம் இங்கு முடிவுற்றது. அந்நல்ல காசும் நிலைக்கவில்லை. பின்வந்த கொன்ஸ்தந்தைன் பொன்னையே நாணயத்தின் அடிப்படையாக்கினார்.

ஆறாம் நூற்றாண்டிற் கொஸ்மாஸ் என்னும் வணிகத்துறவி எழுதிய நூலில் நம் தீவின் அரசன் மீண்டுமொருமுறை காசுகளை ஒப்புநோக்குகின்றான். சொப்பாத்திரஸ் என்னும் உரோம வணிகன் ஒருபுறம், பாரசீகன் மற்றொருபுறம். இம்முறை பாரசீகன் நீட்டியதே வெள்ளி. உரோமன் நீட்டியது பொன். அரசன் பொன்னையே மேலென்றான். கதை உரோமருக்குச் சார்பானதே. எனினும் வெள்ளியிற் போட்டியிட உரோமனிடம் ஒன்றுமில்லை என்பதையும் அது தன்னையறியாமற் கூறிவிடுகின்றது. ஈழத்து மண்ணில் மிகுதியாகக் கிடைப்பனவும் தெனாரியஸ் காசுகளல்ல. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, சிறுவிரல் நகத்தளவான செப்புக்காசுகளே அவை. அவற்றைப் பார்த்து இங்குள்ள கைவினைஞர் தாமும் காசுகள் செய்தனர். அப்போலிகளில் பேரரசரின் தலை சில வளைகோடுகளாகவும், சுற்றியிருந்த இலத்தீன் எழுத்துகள் பொருளற்ற கீறல்களாகவும் மாறிவிட்டன. அவற்றை வாங்கியோரும் கொடுத்தோரும் அக்கீறல்களைப் படிக்க முயன்றிரார். எண்ணிப் பையிலிட்டுக்கொண்டு வழியே போயிருப்பர்.